புதன்கிழமை எறிந்த பந்துகள்

அமெரிக்க ஃபுட்பாலில் நான் சென்டர்: குனிந்து நின்று, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுப்பது என் வேலை. அதை வாங்கி எறிவது குவார்ட்டர்பேக் வெஸ் ஹாலரனின் வேலை. பன்னிரண்டு வருடங்களில் ஏழு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். வெஸ் அளவுக்கு எறியத் தெரிந்தவன் எவனும் இல்லை. நெப்ராஸ்காவில் டிராக்டர் மெக்கானிக்கின் மகன். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுத்த அன்று, நாட்டிலேயே இரண்டாவது ஆளாக அவனை எடுத்தோம். இனி கோப்பை நமக்குத்தான் என்று ஊரே பேசியது.

மூன்றாம் வருடம் நவம்பருக்குள் பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றிருந்தோம். அவன் எறிந்ததில் பதினான்கு பந்துகளை எதிரணிக்காரர்கள் பிடித்திருந்தார்கள். பால் வாங்கப் போன கடையில் கல்லாப் பெண், "நானே பையில போட்டுத் தர்றேன். நீங்க போட்டா அடுத்தவன் பைக்குப் போயிடும்" என்றாளாம். அதை எங்களிடம் சொல்லிச் சிரித்தான். பிறகு அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் பாதியிலேயே இரண்டு பந்துகளைப் பறிகொடுத்தான். கோச் கோவல்சிக் அவனை உட்கார வைத்துவிட்டு மாற்று குவார்ட்டர்பேக்கான முப்பத்தாறு வயது மெரிட்டை இறக்கினார். அரங்கமே எழுந்து கைதட்டியது. மெரிட் இன்னும் எதுவும் செய்திருக்கவில்லை. வெஸ் வெளியேறியதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

உட்கார வைக்கப்பட்டவனுக்குப் புதன்கிழமைப் பயிற்சியில் ஒரு வேலை உண்டு. அடுத்து மோதப்போகும் அணியின் குவார்ட்டர்பேக்காக நடித்து, நம் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பழக்கம் கொடுக்க வேண்டும். கோச் அட்டையில் வரைந்து காட்டுவதை, யாருக்கு எறிவது என்பது உட்பட, அப்படியே ஆட வேண்டும். இரண்டாம் வரிசை சென்டருக்குக் கணுக்கால் வீங்கியிருந்ததால் நானே போய்க் குனிந்தேன்.

முதல் பந்து நாற்பது கெஜம் பறந்து, ஓடிக்கொண்டிருந்தவன் மார்பில் போய் உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. வரிசையாகப் பதினொன்று.

தடுப்பாட்டத் தலைவன் ஒகாஃபோர் இடுப்பில் கை வைத்து நின்றான். "டேய், இதையெல்லாம் ஞாயித்துக்கிழமை எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை. அட்டையைத் தரையில் வீசிவிட்டு வந்தார்.

"என்ன வெஸ், என்னைக் கேனையனாக்குறியா?"

"இல்ல கோச்."

"அப்ப இது என்ன?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? மூணு வருஷமா அதத்தானே தேடிட்டிருக்கேன்." ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தான். முகக்கம்பி வளைந்துவிட்டது.

"வேற ஹெல்மெட் எடுத்துட்டு வா. இன்னும் ஆறு அட்டை இருக்கு" என்றார் கோச்.

உடை மாற்றும்போது கேட்டேன்: "ஆட்டத்துல என்னதான்டா ஆகுது உனக்கு?"

"பந்தை எறிய முதல் ஆள் சிக்கலேன்னா ரெண்டாவது ஆளத் தேடணும்ல? அதுக்குள்ள தலைக்குள்ள ஒருத்தன், 'இதையும் கெடுத்துடாதே'ன்னு ஆரம்பிச்சுடுறான். எங்கப்பா குரலா இருந்தாலாவது கோவப்படலாம், பெருசு. என் குரல்தான்."

அவன் முதுகில் தட்டினேன். தட்டாமல் இருந்திருக்கலாம்.

கடைசி ஆட்டத்தில் மெரிட்டின் தோள்பட்டை விலகியது. வெஸ் உள்ளே வந்தான். இருபத்துநான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம், பாதி இருக்கைகள் காலி. ஒரே ஒரு பந்தைப் புதன்கிழமை போலவே எறிந்தான். பிடித்தவன் எல்லைக்கோட்டைத் தாண்டினான், புள்ளி கிடைத்தது. கட்டிப்பிடிக்கப் போனேன். "இப்ப வந்து என்ன பிரயோஜனம்" என்று கையைத் தள்ளிவிட்டுப் போனான்.

மார்ச்சில் அவனை மேற்குக் கடற்கரை அணி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று மத்தியானமே போன் செய்தான்.

"பெருசு, அங்க சென்டர் எப்படி?"

"நல்லவன். பந்தைக் கொஞ்சம் தாழ்வாக் கொடுப்பான்."

"எவ்வளவு தாழ்வா?"

"முழங்கால் கிட்ட."

"சரி" என்றான். கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தம்பியைக் கூப்பிட்டு, பந்தைத் தன் முழங்காலுக்கு எறியச் சொல்லிக்கொண்டிருந்தான். போனை வைக்க மறந்துவிட்டான்.