அவள் எடைக்குக் காற்று

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஞ்சர் கடையில் கிடைத்தது. ராப்பகலாக யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். ஆனால் முதல் வரியிலேயே பொய் வேண்டாம். என் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தை மெக்கானிக் கழற்றிக்கொண்டிருந்தார். சும்மா இருக்கத் தெரியாத வாய் எனக்கு. சுவரில் ஆணியில் தொங்கிய பழைய ஷாக் அப்சார்பரைக் காட்டி, இதில் யார் நெயில் பாலிஷ் பூசினது என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. இருபது நிமிஷ வேலை. நான் அங்கிருந்து கிளம்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

"எழுதுறதுன்னா எழுதிக்கோங்க," என்றார் கடைசியில். "வேலையை மட்டும் தப்பா எழுதிடாதீங்க."

மனுஷன் தன் மானத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

(நேரில் எனக்கு அவர் 'அவர்'தான். கதைக்குள் வந்துவிட்டால் 'அவன்'. தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.)

2

தொடக்கம் ஒன்று: "ஜாக்கியின் மேல் நின்ற அந்த நாலு சக்கர பைக், பாயக் காத்திருக்கும் சிறுத்தையைப் போல—"

[வேண்டாம். முன்சக்கரம் ரெண்டையும் கழற்றிப் போட்ட வண்டி எங்கே பாயும்?]

தொடக்கம் இரண்டு: "அவனுக்கு மனைவி மேல் கொள்ளைப் பிரியம்."

[நிஜம்தான். ஆனால் உங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும்.]

தொடக்கம் மூன்று: "புது ஏர் ஷாக் இருந்த பெட்டியை அவன் பிரித்தபோது, மனைவி பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை."

சரி, இது போகும். ஏன் பிடிக்கவில்லை என்று சொன்னால் கதை நகரும்.

3

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆறு நாள் ஊசி, ஏழாவது நாள் பந்தயம். ஊருக்கு வெளியே மண்மேடு போட்ட தடத்தில் அந்த வண்டியை ஓட்டுவாள். ஓட்டுவாள் என்பது மரியாதைக்குச் சொல்வது; பாதி நேரம் வண்டி தரையில் இருக்காது. மேட்டில் ஏறி, காற்றில் போய், அந்தப் பக்கம் இறங்கும். போன வருஷம் மூன்றாவது மேட்டில் இறங்கும்போது முன்பக்கம் டமால் என்று அடித்துத் தூக்கிப் போட்டது. தோள்பக்கக் காறை எலும்பு உடைந்தது. தகடு வைத்தார்கள். பதினோரு மாசம் வண்டி சேற்றோடு தார்ப்பாய்க்குள் கிடந்தது.

இப்போது தோள் சரியாகிவிட்டது. அவளே தேடி, அவளே ஏர் ஷாக் வாங்கி வந்து, நீங்கள்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

இனி வருவது, அவன் பதினோரு மாசமாக யாரிடமும் சொல்லாதது. அந்தப் பந்தயத்துக்கு முந்தின நாள், பழைய ஷாக்கில் ஸ்ப்ரிங்கை இறுக்கிப் பிடிக்கும் திருகு வளையத்தை, ரெண்டு பக்கமும் ஐந்து சுற்றுத் தளர்த்தி வைத்தவன் அவன்தான். அவள் போகிற உயரத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஈரக்குலை நடுங்கியது. முன்பக்கம் தொளதொள என்று இருந்தால் அவளாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டான்.

*இது என்ன கணக்கு என்று நானும் கேட்டேன். ஷாக் மெத்தென்று இருந்தால் இறங்கும்போது அமுங்க இடமில்லாமல் அடியில் போய் இடிக்கும். உயரத்திலிருந்து குதிக்கிறவளுக்குக் கெட்டியாக வைப்பதுதான் பத்திரம். இது அவனுக்குத் தெரியாதா? தெரியும். "தெரிஞ்சுதாங்க பண்ணேன்," என்றார். "பயம் வந்தா தெரிஞ்சது எங்க ஞாபகம் வருது?"

4

பழைய ஷாக் ரெண்டும் வெளியே வந்தன. ஒன்றை அவள் மடியில் வைத்து, வேஸ்ட் துணியால் காய்ந்த சேற்றைத் துடைக்கத் தொடங்கினாள். வேலை ஒன்றும் இல்லாவிட்டால் எதையாவது துடைப்பது அவள் பழக்கம். அவன் புது ஷாக்கைத் தூக்கிப் பிடித்து மேல் போல்ட்டை விட்டான், கீழ் போல்ட்டை விட்டான். சக்கரங்களை மாட்டினான். ஜாக்கியை இறக்கவில்லை. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதுதான் காற்று வைக்க வேண்டும். தரையில் நிற்கும்போது வைத்தால் அளவு பொய் சொல்லும். [இந்த வரியை அவர் ரெண்டு தடவை சொல்லி எழுதவைத்தார்.]

இந்த ஷாக்கில் ஸ்ப்ரிங் கிடையாது. உள்ளே அடைத்த காற்றுதான் ஸ்ப்ரிங். எவ்வளவு காற்று என்பது ஓட்டுகிறவரின் எடையைப் பொறுத்தது. அதற்காக அவள் ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு எடை பார்க்கும் மிஷினில் ஏறி நின்றாள். கையேட்டில் அந்த எடைக்கு நேரே காற்றழுத்தம் அறுபத்திரண்டு என்று போட்டிருந்தது.

அவன் சின்னக் கைப்பம்பை மாட்டி, ரெண்டு பக்கமும் அறுபத்திரண்டு வைத்தான். ஒழுங்காக வைத்தான். கழற்றினான்.

பிறகு சரிபார்க்கிறேன் என்று ரெண்டு பக்கமும் மறுபடி மாட்டினான்.

அளவு பார்க்க மாட்டினாலே போதும், ஷாக்கிலிருந்து கொஞ்சம் காற்று பம்பின் குழாய்க்குள் போய்விடும். முள் ஐம்பத்தொன்பது காட்டியது. தெரிந்தவன் மறுபடி அடித்து ஏற்றுவான். அவன் ஏற்றவில்லை. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். இன்னொரு தடவை மாட்டினான். ஐம்பத்தாறு. இருக்கட்டும், முதல் நாள்தானே, இது போதும் என்று பொதுவாகச் சொல்லிவைத்தான்.

*இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம். ஒரு தடவை எலும்பை உடைத்த கை, அதே காரியத்தை மறுபடி செய்யுமா? வாசகர் நம்புவாரா? அவரிடமே கேட்டேன். டியூபைத் தேய்த்துக்கொண்டே, "கை தானா போச்சுங்க," என்றார். அதற்கு மேல் நான் என்ன நியாயம் எழுதுவது?

அவள் பம்பைப் பார்க்கவில்லை. மடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேறு போன இடத்தில், மரைக்கு மேல் சிவப்பாக ஒரு கோடு. பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால், வளையம் நகர்ந்தால் தெரியட்டும் என்று அதன் விளிம்பை ஒட்டி அவள் நெயில் பாலிஷால் போட்டது. அப்போது சேற்றில் அவன் கவனிக்கவில்லை. இப்போது வளையம் ஓர் இடத்திலும் கோடு தள்ளி வேறோர் இடத்திலும் இருந்தன. அதை அவனும் இப்போதுதான் பார்த்தான்.

5

இதற்கு அப்புறம் என்ன நடந்தது என்பதற்கு என்னிடம் ரெண்டு பிரதி இருக்கிறது.

(அ) அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இது அவர் சொன்னது. ஷாக்கை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். நான்தான் தளர்த்தினேன், பயமாக இருந்தது என்று அவன் சொல்லிவிட்டான். பதினோரு மாசத்தில் ஒரு நாள்கூட வாய்க்கு வராதது, அவள் கேட்காமலே வந்தது. அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று இருந்ததாம்.

"நான் தப்பா இறங்கிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றாள். "இத்தனை நாளா என் கைமேலதான் எனக்குக் கோபம்."

(ஆ) அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ரெண்டாவது வாரமே தெரியும். இது என் சந்தேகம். நெயில் பாலிஷால் கோடு போட்டுவைக்கிறவள் அந்தக் கோட்டைப் போய்ப் பார்க்காமல் இருப்பாளா? தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருப்பாள். அவனாகச் சொல்வான், சொல்வான் என்று காத்திருந்து, பொறுத்துப் பார்த்து, கடைசியில் அவளே புது ஷாக் வாங்கி வந்து, பழையதை அவன் எதிரிலேயே துடைத்து—

[இதைத் தீர்த்துக்கொள்ள நான் சர்க்கரை பார்க்க வேண்டும் என்ற சாக்கில் அவள் வேலை பார்க்கும் இடத்துக்கே போனேன். வலிக்காமல் எடுத்தாள், சும்மா சொல்லக்கூடாது. நயமாகப் பேச்சுக்கொடுத்து, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். பஞ்சை வைத்து, கையை மடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். வாசல் வரை போனதும் கூப்பிட்டாள். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமாம், காற்றழுத்த எண்ணை மட்டும் தப்பாக எழுதக் கூடாதாம். புருஷனுக்கேற்ற பெண்டாட்டி.]

ரெண்டு பிரதியிலும் ஒரு வரி பொது. அதை அவரும் சொன்னார், நானும் மாற்றவில்லை. பழைய ஷாக்கைக் கீழே வைத்துவிட்டுப் பம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"என் எடைக்கு வைங்க. உங்க பயத்துக்கு வைக்காதீங்க."

அவன் அறுபத்திரண்டு வைத்தான். முள் அங்கே நின்றதும் குழாயைக் கழற்றினான்.

6

ஏர் ஷாக்கின் தண்டில் சின்னதாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஓட்டுவதற்கு முன் அதை மேலே ஒட்டித் தள்ளிவைப்பார்கள். ஷாக் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் வளையம் கீழே தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். திரும்பி வந்ததும் பார்த்தால் போதும். அவள் மேட்டில் பறந்தாளா, பயந்து சுற்றிக்கொண்டு வந்தாளா என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் காலை தடத்தில் அவன் வளையத்தைத் தள்ளிவைத்தான். அவள் கிளம்பினாள். மூன்றாவது மேட்டை அவன் பார்க்கவில்லை. வேலிக்கு முதுகைக் காட்டி, பெட்டியில் ஏற்கெனவே வரிசையாக இருந்த ஸ்பேனர்களை மறுபடி வரிசைப்படுத்தினான். எஞ்சின் சத்தம் ஏறியது. நின்றது. மறுபடி கேட்டது. அது காற்றில் நின்றதா, மேட்டுக்கு முன்னால் நின்றதா என்று முதுகுக்குத் தெரியாது.

அவள் வந்து வண்டியை நிறுத்தினாள். முகமெல்லாம் புழுதி. ஹெல்மெட்டைக் கழற்றி ஹாண்டிலில் மாட்டினாள்.

இங்கே நான் அருமையாக ஒரு முடிவு எழுதியிருந்தேன். அவன் குனிகிறான், வளையத்தைப் பார்க்காமலே கட்டைவிரலால் மேலே தள்ளிவிடுகிறான். இனி உன்னை வேவு பார்க்க மாட்டேன் என்று அர்த்தம். எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது. கொண்டுபோய் அவரிடம் படித்துக் காட்டினேன்.

"பாக்காம எப்படிங்க டியூன் பண்றது?" என்றார்.

அடித்துவிட்டேன். ஆக, அவன் பார்த்தான். மண்ணில் முட்டி போட்டு, நன்றாகவே பார்த்தான். தலையைத் தூக்காமல் பம்பைக் கேட்டு வாங்கி மாட்டினான். பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"எவ்வளவு வைக்கட்டும்?"

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில், அந்த வண்டியைப் பற்றி அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் ஒரு எண்ணைச் சொன்னாள். அவன் அதை வைத்தான். ஒரு தடவைதான் மாட்டினான், சரிபார்க்கவில்லை.

அந்த எண் எனக்குத் தெரியும். வளையம் எங்கே நின்றது என்பதும் தெரியும். ஆனால் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று இந்தப் பக்கங்களை நான் பதினோரு தடவை திறந்துவிட்டேன். தடவைக்குக் கொஞ்சம் காற்று போய்த்தான் இருக்கும். இனி நான் கை வைப்பதாக இல்லை. நீங்கள் குனிந்து பாருங்கள். வளையம் பாதியிலேயே நின்றிருந்தால் அறுபத்திரண்டிலிருந்து குறைக்க வேண்டும். கடைசி விளிம்பு வரை போயிருந்தால் கூட்ட வேண்டும். மிஷின் காட்டாத அவள் எடை உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். தப்பாக எழுதக் கூடாது என்று ரெண்டு பேரும் சொன்னதால், அந்த எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன்:

(      )