இரண்டு ரீகாஸ், ஒரே அட்டை

எங்கள் ஆபீசுக்கு வந்த ஏஜென்டுக்கு ஆஸ்தேரிஸ் வைத்த பெயர் 'வீட்டோட மாப்பிள்ளை'. அது ஆள் இல்லை. வழக்குகளைப் பதிந்து வைக்கிற எங்கள் மென்பொருளோடு போன மாதம் இணைத்துவிட்ட செயற்கை அறிவு. கட்சிக்காரரின் விவர அட்டையைத் திறக்கும், காகிதங்களைப் படிக்கும், வாய்தா தேதிகளை நினைவுபடுத்தும், கடிதம்கூட எழுதும். சம்பளம் கேட்காமல் உழைக்கிற மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று ஆஸ்தேரிஸுக்குப் பூரிப்பு.

அவனும் நானும் சேர்ந்து கிரீஸில், வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இந்த வக்கீல் ஆபீசை நடத்துகிறோம். அவனுக்கு எதிலும் அவசரம். எனக்கு எதிலும் எரிச்சல். இத்தனை வருடமாக இந்த இரண்டும் சேர்ந்துதான் ஆபீசை ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

இணைத்துக் கொடுத்த பையன் ஏதென்ஸிலிருந்து திரையில் தோன்றி மூன்றே கேள்வி கேட்டான். இது படிக்கலாமா? திருத்தலாமா? உங்களைக் கேட்காமலே கடிதம் அனுப்பலாமா?

"படிக்கட்டும், அதோட நிறுத்திக்கோ," என்றேன்.

"மாப்பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து வாசல்லயே உக்கார வைப்பியா அர்கிரோ?" என்று சிரித்துக்கொண்டே ஆஸ்தேரிஸ் மூன்றுக்கும் 'சரி' என்று தட்டிவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் தாத்தாவின் பெயரைத்தான் மூத்த பேரனுக்கு வைப்பது. தாத்தாவுக்கு இரண்டு மகன்கள் என்றால் ஒரே பெயரில் இரண்டு பேரன்கள். குடும்பப் பெயரும் ஒன்றுதான். இதனால் யாரும் குழம்பியதில்லை. ஊர் அவர்களைப் பட்டப்பெயரால் பிரித்துக்கொள்ளும், கோர்ட்டு தகப்பன் பெயரால் பிரித்துக்கொள்ளும். எங்கள் மென்பொருள் மட்டும் எங்கோ குளிர்தேசத்தில் செய்தது. அதில் நாய்க்குட்டியின் பெயரை எழுதக்கூட இடம் இருக்கும் போல, தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம் இல்லை. நாங்கள் அதைக் கடைசியில் உள்ள 'இதர குறிப்பு' என்ற பெட்டியில் திணித்து வந்தோம்.

மலைமேல் கிராமத்தில் இரண்டு ரீகாஸ் கராலிஸ்கள் இருக்கிறார்கள். ஒருவர் தேனீ வளர்க்கிறார், தேனீ ரீகாஸ். இன்னொருவர் மலைக்குப் பஸ் ஓட்டுகிறார், பஸ் ரீகாஸ். அண்ணன் தம்பி பிள்ளைகள். தாத்தாவின் ஒலிவத் தோப்பில் பஸ் ரீகாஸ் ஒருநாள் வேலி போட்டார். வாய்த்தகராறு முற்றியது. தேனீ ரீகாஸின் அப்பா போன குளிர்காலத்தில் இறந்தபோது, சொந்தப் பெரியப்பாவின் அடக்கத்துக்குப் பஸ் ரீகாஸ் வரவில்லை. அதன் பிறகுதான் தேனீ ரீகாஸ் எங்களிடம் வந்து வழக்குப் போட்டார்.

போன வாரம் அவர் என் எதிரில் உட்கார்ந்து, கொண்டுவந்த தேன் புட்டியை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சட்டென்று சொன்னார்:

"இங்க பாரும்மா. எனக்குத் தோப்பு வேணாம். ஞாயித்துக்கிழமை எங்கப்பாவுக்கு வருஷப் பூசை. அவன் வந்து ஒரு மெழுகுவத்தி ஏத்தினா போதும். தோப்ப முழுசா அவனே வெச்சுக்கட்டும், கேஸ வாபஸ் வாங்கிடறேன்."

"அப்ப அவர் வக்கீல்கிட்ட பேசிடறேனே, ரீகாஸ் அண்ணே."

"அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத! சொல்லி வந்தா அது வந்த மாதிரியா? தோப்புக்காக எவன் வேணா மெழுகுவத்தி ஏத்துவான்."

கட்சிக்காரர் சொல்வதையெல்லாம் அட்டையில் பதிய வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். பதிந்தேன். வீட்டுக்குப் போனேன். நன்றாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே கோபம் வருகிறது.

மறுநாள் காலை மாப்பிள்ளை தன் வேலை அறிக்கையை வைத்திருந்தது. அதில் ஒரு வரி: 'ஒரே நபருக்கு இரண்டு அட்டைகள் இருந்தன, ஒன்றாகச் சேர்க்கப்பட்டன: ரீகாஸ் கராலிஸ்.' அடுத்த வரி: 'சந்திப்பின் சுருக்கம் கட்சிக்காரருக்கு அனுப்பப்பட்டது.'

ஒன்று கட்சிக்காரரின் அட்டை, மற்றது எதிராளியின் அட்டை. அதே பெயர், அதே ஊர். தகப்பன் பெயர் கிடந்த பெட்டியை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.

போன கடிதத்தைத் திறந்தேன். மேலே முதலில் இருந்தது பஸ் ரீகாஸின் மின்னஞ்சல் முகவரி. அதற்கப்புறம் மேலே என்ன இருந்தது என்று பார்க்க எனக்குக் கண் தெரியவில்லை. கடிதம் அத்தனை மரியாதையாக இருந்தது: 'தாங்கள் கூறியபடி, எதிர்த்தரப்பினர் தங்கள் தந்தையாரின் நினைவுப் பூசைக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றினால் வழக்கைத் திரும்பப் பெறச் சம்மதிக்கிறீர்கள். இது எதிர்த்தரப்பினருக்குத் தெரியக்கூடாது என்பதையும் கவனத்தில் கொண்டுள்ளோம்.'

எதிர்த்தரப்பினருக்குத் தெரியக்கூடாது என்பதை எதிர்த்தரப்பினருக்கே எழுதி, அன்புடன் என்று முடித்திருந்தது அந்தச் சனியன்.

"ஆஸ்தேரிஸ்! உன் மாப்பிள்ளை பண்ணின லட்சணத்த வந்து பாரு!"

அவன் படித்தான். காதுமடல் சிவந்தது. ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. "அந்தாளு பஸ் ஓட்டறவன். ஸ்டீரிங்கப் புடிப்பானா, மெயிலப் படிப்பானா? சும்மா கெடக்கும்."

"படிச்சிருந்தா?"

"படிச்சிருந்தா வருவான். உன் ஆளுக்கும் அதுதான வேணும்?"

"சொல்லி வந்தா வந்த மாதிரி இல்லன்னு அவர் வாயால சொன்னாருடா! தோப்பும் போய், வந்தது பொய்னும் ஆயிடும். வக்கீல்னு நம்பி வந்த மனுஷன் அவர்."

அன்றைக்கே மாப்பிள்ளையின் கையைக் கட்டினேன். படிக்கலாம், அவ்வளவுதான். அட்டைகளையும் பிரித்து வைத்தேன். போன கடிதத்தை மட்டும் என்ன செய்வது? எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் செய்ய நினைத்து எடுப்பேன், வைப்பேன். இன்னும் படிக்காமல் இருந்தால் நானே படிக்கச் சொன்ன கதை ஆகிவிடும். தேனீ ரீகாஸிடம் சொல்லலாம். ஆனால் பஸ் ரீகாஸ் அதைப் பார்க்காமலே, மனசு கேட்காமல் தானாகவே வந்து நின்றால்? அந்த ஒரு வரவையும் என் வாயாலேயே கெடுத்ததாகிவிடாதா? 'ஞாயிறு வரைக்கும் பொறு' என்றான் ஆஸ்தேரிஸ். பொறுமை எனக்கு எந்தக் கடையில் கிடைக்கும்? காப்பியைப் போட்டு ஆறவிட்டேன். ஆறியதைக் கொட்டிவிட்டு மறுபடி போட்டேன். கோர்ட்டில் என் வழக்கைக் கூப்பிட்டபோது வேறு ஒருவருடைய வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

எதிர்த்தரப்பு ஆளிடம் அவருடைய வக்கீல் இல்லாமல் வழக்குப் பேசக்கூடாது. அவர் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. வெள்ளிக்கிழமை ஏறிவிட்டேன்.

முன்சீட்டில் உட்கார்ந்து அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு போனேன். பெரிய உடம்பு, நரைத்த கழுத்து. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார். கண்ணாடியில் ஒருதரம் என்னைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. பின்னால் இருந்த அம்மாள் ஒருத்தி, "என்ன ரீகாசு, இன்னிக்கு உம்முனு வர்ற? பொண்டாட்டி சோறு போடலியா?" என்றாள். அவர் மறுபடி ஹாரன் அடித்தார். படித்திருக்கிறார், அதனால்தான் உம்மென்று இருக்கிறார் என்று ஒரு வளைவில் நினைத்தேன். அடுத்த வளைவில், இந்த மனிதர் என்றைக்குச் சிரித்தார் என்று தோன்றியது. மேலே போவதற்குள் எனக்குக் குமட்டல் எடுத்துவிட்டது.

இறங்கும்போது கதவைத் திறக்காமல் கையை நெம்புகோல்மேல் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஞாயித்துக்கிழமை பூசை எத்தன மணிக்கு, வக்கீலம்மா?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன்.

"சரி," என்று கதவைத் திறந்துவிட்டார்.

படித்துவிட்டார். இனி சந்தேகமே இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸையும் அவரேதான் ஓட்டினார். நான் ஏறவில்லை. வாடகைக் காரில் இறங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தேனீ ரீகாஸ் முன்வரிசையில் நின்றார். சவரம் செய்த கன்னத்தில் வெட்டுக்காயம். இறந்தவர் நினைவாகப் பங்கிடும் அவித்த கோதுமையைச் சர்க்கரை தூவித் தட்டில் வைத்திருந்தார்கள். நான் கடைசியில், கதவோரம் நின்றேன். பாதிரியார் பாடத் தொடங்கியதும் பின்னால் கதவு முனகியது. பஸ் ரீகாஸ் வந்தார். கோட்டு இறுகிப்போய் பித்தான் மாட்டவில்லை. என்னைத் தாண்டிப் போய், ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து ஏற்றி மணல் தட்டில் குத்தினார். அது சாய்ந்தது. நிமிர்த்திக் குத்தினார்.

தேனீ ரீகாஸ் திரும்பிப் பார்த்தார். எந்தச் சத்தமும் இல்லாமல் அவர் தோள்கள் மட்டும் குலுங்கின. நான் வெளியே ஓடிவிடலாமா என்று பார்த்தேன். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் ஒரு திருடி மாதிரி நின்றேன்.

பூசை முடிந்து பக்கத்துக் கூடத்தில் காப்பியும் பிராந்தியும் கொடுத்தார்கள். தேனீ ரீகாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"நாளைக்கே வாபஸ் போட்டுடும்மா. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

"அண்ணே, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன்."

"வெளிய வாங்க."

வெளியே பெரிய மரத்தடியில் நின்று ஒரே மூச்சில் கொட்டினேன். அட்டைகள் சேர்ந்தது, கடிதம் போனது, பஸ்ஸில் அவர் கேட்டது. "அவர் அதப் படிச்சிட்டுதான் வந்தாரு, அண்ணே. வாபஸ் வாங்க வேண்டியதில்ல. எங்க மேல வக்கீல் சங்கத்துல புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நானே எழுதித் தர்றேன்."

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அவன் படிச்சது எனக்குத் தெரியுமே."

"எப்படி?"

"அந்தக் கடுதாசி எனக்கும்தானே வந்தது? தேனு கேட்டு நாலு பேர் எழுதறாங்கன்னு தெனமும் பாக்கறேன். மேல ரெண்டு முகவரி இருந்தது. ஒண்ணு என்னுது, ஒண்ணு அவனுது. மொதல்ல உன்னக் கொன்னுடலாம்னு இருந்துச்சு. வண்டியக்கூட எடுத்துட்டேன். பாதி வழில நிறுத்திட்டு யோசிச்சேன். இந்தப் பொண்ணு வேணும்னேதான் பண்ணியிருக்கா. எனக்கு வாய் வராதுன்னு தெரிஞ்சு, எனக்காக அவளே அனுப்பியிருக்கா. வக்கீல்னாலும் மனசு இருக்குடான்னு என் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னேன்." என் முகத்தைப் பார்த்தார். "அப்ப நீ அனுப்பலையா?"

"இல்லண்ணே."

"ஆஸ்தேரிஸா?"

"அவனும் இல்ல."

"பின்ன யாரு?"

"யாரும் அனுப்பல. அதுவா போச்சு."

அவர் மரத்தில் சாய்ந்துகொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று யார் சொன்னது? என் பாரத்தைத் தூக்கி இந்த மனிதர் தோளில் வைத்ததுதான் மிச்சம். கூடத்தின் ஜன்னல் வழியே பஸ் ரீகாஸ் தெரிந்தார். தட்டிலிருந்த கோதுமையைக் கைநிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, யாரோ சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"கோயில்ல அவன் என் கையப் புடிச்சிக்கிட்டு என்ன சொன்னான் தெரியுமா?" என்றார் தேனீ ரீகாஸ். "'நீ அவ்ளோ எறங்கி எனக்கு எழுதி அனுப்பினப்புறம் நான் எப்படிடா வராம இருப்பேன்'னான். 'தோப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம், வேலியப் புடுங்கிடறேன்'னான். நான்தான் அனுப்பச் சொன்னேன்னு நெனச்சிக்கிட்டிருக்கான், மடையன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? ஆமாம்டான்னேன். என் வக்கீலுக்கு அவ்ளோ மனசு இருந்தா, எனக்கு இருக்காதான்னு ஒரு ரோஷம்."

ஜன்னலுக்குள்ளிருந்து பஸ் ரீகாஸ் எங்களைக் கண்டு கையைத் தூக்கினார். இவரும் கையைத் தூக்கினார். பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்தைப் பார்க்க நடந்தார்.

"அண்ணே, வாபஸ்?"

"போட்டுடு."

வாசல்படியில் நின்று திரும்பினார்.

"அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத."

ஆபீசில் சொன்ன அதே வார்த்தை. என் பையில் போன் துடித்தது. என் நாட்குறிப்பைப் படித்துவிட்டு, இன்றைய சந்திப்பில் கட்சிக்காரர் என்ன சொன்னார் என்று மாப்பிள்ளை கேட்டிருந்தது. 'ஒன்றும் சொல்லவில்லை' என்று தட்டிவிட்டு, காப்பி குடிக்க உள்ளே போனேன்.