என் வயலுக்கு யார் வாங்கினது?

"உங்க நிலத்துக்கு ஏற்கெனவே மானியம் கொடுத்தாச்சும்மா. மறுபடி கொடுக்க முடியாது." எழுத்தர் பெண் மனுவைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் திருப்பித் தள்ளினாள்.

மிளகாய்த் தோட்டக்காரிக்கு ஒன்றுமே புரியவில்லை. சொட்டுநீர்க் குழாய் போட மானியம் கேட்டு விவசாய அலுவலகத்துக்கு வந்திருந்தாள். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. குடத்தில் சுமந்து ஊற்றி இடுப்பே விட்டுப்போயிற்று. குழாய் வராவிட்டால் இந்த மாதமே செடி கருகிவிடும். அவள் வயலில் ஒரு முழக் குழாய்கூடக் கிடையாது.

"என் வயலுக்கா? யாரு வாங்கினது?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா. அது வாங்கினவங்களோட சொந்த விவரம்."

வந்ததே கோபம்! அடுத்த கதவு கூட்டுறவு வங்கி. தவணை கட்டாதவர்களின் பெயரையும் படத்தையும் அதன் வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். அதில் அவள் புருஷன் முகமும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைச் சொல்லிக் கேலி செய்ததில் மகள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

"கடன் கட்டாதவன் மூஞ்சியைப் பக்கத்து பேங்க் வாசல்ல மாட்டுறாங்களே, அது சொந்த விவரம் இல்லையா? சும்மா வாங்கினவனுக்கு மட்டும்தான் மானம் இருக்கா?"

"எனக்கும் இதே பதில்தாம்மா சொன்னாங்க," என்றார் பின்னால் நின்ற கரும்புக்காரர். வரிசையே முணுமுணுத்தது.

சத்தம் கேட்டு வந்த அதிகாரி, அவளை மட்டும் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். நாற்காலி போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"குழாய்க்கடைக்காரர் உங்க நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த மாதிரி காட்டி வாங்கிட்டார்."

குழாய்க்கு விலை போட்டுத் தருகிறேன் தங்கச்சி என்று குழைந்து குழைந்து பத்திர நகலும் கையெழுத்தும் வாங்கிப்போனவன் அவன்தான்.

"அவர்கிட்ட சொல்லி நாளைக்கே உங்களுக்குக் குழாய் போட வெச்சிடறேன். வெளியில மட்டும் மூச்சு விடாதீங்க."

வாடிய செடிகள் கண்முன் நின்றன. ஊர் எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று அவளும் தலையாட்டிவிட்டாள்.

வெளியே வந்ததும் கரும்புக்காரர் ஆவலாகக் கேட்டார். "யாருன்னு சொன்னாங்களாம்மா?"

"அது... சொல்லக் கூடாதுங்க."

சொன்ன வாயை அவளுக்கே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இப்படித்தானே ஒவ்வொருவர் வாயாக அடைத்திருக்கிறார்கள்!

"ஏன் சொல்லக் கூடாது? குழாய்க்கடைக்காரன்தான்! என் வயலைக் காட்டி அவன் வாங்கித் தின்னிருக்கான். உங்க வயல் மானியமும் யாரு பேர்ல போயிருக்குன்னு கேளுங்க!"

பின்னாலேயே வந்த அதிகாரியின் முகம் சுருங்கியது. "அப்புறம் உங்களுக்குக் குழாய் வராது."

"வராட்டிப் போகட்டும், குடத்துலயே ஊத்திக்கறேன். இது யாரு அப்பன் வீட்டுப் பணமும் இல்ல சார், ஊரே கட்டின வரி. அது யாரு கைக்குப் போச்சுன்னு ஊருக்கே தெரியணும். ஒளிச்சு ஒளிச்சுக் கொடுத்தா அதுக்குப் பேரு மானியம் இல்ல, களவு. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டா நாமளும் அந்தக் களவுல கூட்டு!"

எழுத்தர் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மானியம் வாங்கினவர்களின் பெயர்களையெல்லாம் தட்டச்சு செய்தவள் அவள்தான். அதிகாரி கையை ஓங்கி "வேணாம்!" என்று கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை. கணினித் திரையை வரிசைப் பக்கம் திருப்பினாள்.

"கரும்புக்கார அண்ணே, உங்க வயல் எண்ணைச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிக்கிறேன்."