ஒரு பட்டை கூடுதல்

அந்த மாடி பஸ் என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. முழுசாக இரண்டு வருடம். ஓய்வு பெற்றவன் வீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டும், அதுதான் முறை. நானோ தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு தகரக் கொட்டகைக்குள் நுழைந்து, பஸ்ஸுக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்து, உதிர்கிற துருவையெல்லாம் கண்ணில் வாங்கிக்கொண்டிருந்தேன். முட்டி இரண்டும் போயிற்று. இன்னும் எத்தனை நாள் இந்தக் கூத்து என்று என் மனைவி கேட்டுக் கேட்டு, பிறகு அவளும் அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

எல்லாம் அண்ணனுக்காக. அண்ணன் அந்த பஸ்ஸின் டிரைவர். நான் அதே டெப்போவில் ஸ்பிரிங் ஃபிட்டர். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், காலை முதல் டிரிப்பில், ரயில் பாலத்துக்கு அடியில் போகும்போது பஸ்ஸின் மாடி பாலத்தில் இடித்தது. முன்பக்கக் கூரை டப்பா மூடி போலப் பிய்ந்து வந்தது. நல்லவேளை, மாடியில் மூன்றே பேர். ஒரு பெண்ணுக்குக் கை ஒடிந்தது, மற்ற இரண்டு பேருக்குக் கண்ணாடிக் கீறல். அண்ணனுக்கு வேலை போனது.

அது வளைவுப் பாலம். நடுவில் உயரம், ஓரத்தில் தாழ்வு. மாடி பஸ் நட்ட நடுவாகத்தான் அதைக் கடக்க வேண்டும். பஸ்ஸின் உயரம் பதினான்கு அடி மூன்று அங்குலம் என்று டிரைவருக்கு எதிரே ஒரு தகட்டில் அடித்திருக்கும். பாலத்தின் நடு உயரம் பதினாலரை அடி. நாலு விரல் இடைவெளி. விசாரணைக்கு வந்த அதிகாரிக்கு இது போதும். நடுவில் வந்திருந்தால் இடித்திருக்காது, இடித்திருக்கிறது, அப்படியென்றால் ஓரமாக வந்திருக்கிறாய், கண் அசந்துவிட்டாய் என்று முடித்துவிட்டார். கூரை பிய்ந்து தொங்கிய வண்டியை அளந்து பார்க்கவும் வழியில்லை. அண்ணன் எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னார். "நடுவுலதான் வந்தேன்."

அதற்குப் பிறகு ஒரு பேப்பர் கிடங்கில் சரக்கு எண்ணும் வேலை. முதல் சில வருடங்கள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களும் 'ஆமாமா' என்றார்கள். அந்த 'ஆமாமா'வுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அண்ணிகூட, "யாருக்கும் வர்றதுதான், விடுங்க. நான் ஏதாவது சொன்னேனா?" என்பார். அதைவிடப் பெரிய அடி அவருக்கு வேறு இல்லை என்று இப்போது நினைக்கிறேன். ஒருநாள் என்னிடமே வந்து, ஒருவேளை நிஜமாகவே கண் அசந்திருக்குமோ என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

கிடங்கு வேலையும் முடிந்து வீட்டோடு இருந்த சமயத்தில்தான், ஊருக்கு வெளியே ஒரு செடி விற்கிற தோட்டத்தில் அந்த பஸ்ஸைப் பார்த்திருக்கிறார். உள்ளே பூந்தொட்டி அடுக்கி வைத்திருந்தார்களாம். நம்பரைத் துடைத்துப் பார்த்தால் அதே வண்டி. வாங்கியே விட்டார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று நான் சத்தம் போட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பழைய மாதிரியே நிறுத்தி அளந்து பாக்கணும்டா. தகட்டுல இருந்தது நிஜமா, இல்ல வண்டி அதுக்கு மேல நின்னுச்சா? நான் நடுவுல வந்தேனா இல்லையான்னு எனக்குத் தெரியணும். போறதுக்குள்ள தெரியணும்."

இப்படிச் சொன்ன பிறகு ஒரு தம்பி என்ன செய்வான்? ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பழைய மாதிரியே என்றால் பழைய மாதிரியே. அதே அளவு டயர் வேண்டும் என்று ஆறு மாதம் அலைந்தார். கிடைத்ததைப் போடுவோம், டயரைப் பார்த்து யார் கண் வைக்கப் போகிறார்கள் என்றேன். ஒரு அங்குலம் தப்பினாலும் அளவு பொய்யாகிவிடும் என்று பிடிவாதமாக நின்றார். முன்கூரையின் வளைகம்பிகளைப் பின்கூரையைப் பார்த்து அளவெடுத்து வளைத்தோம். வெல்டிங் செய்கிறவனுக்குப் பட்டப்பெயர் அவசரம். எந்த வேலையும் அவனிடம் சீக்கிரம் நடக்காது என்பதால் வந்த பெயர். ஒரு ஜன்னல் சட்டத்துக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டு, பத்தாம் நாள் வந்து, "சும்மா சொல்லக்கூடாது, நல்லா வந்திருக்கு" என்று தன்னையே பாராட்டிக்கொள்வான். அண்ணி ஐம்பத்தெட்டு இருக்கைக்கும் உறை தைத்துக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்துக்கூட இவ்வளவு தைத்ததில்லை, இந்த இரும்புப் பிள்ளைக்குத் தைத்தே கண் போகப்போகிறது என்று புலம்பிக்கொண்டே தைத்தார்.

போன மழைக்காலத்தில்தான் முன்சக்கரங்களைக் கழற்றினேன். ஸ்பிரிங் வேலை என் வேலை, வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். பஸ்ஸின் ஸ்பிரிங் என்பது வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. அந்த மாடலுக்கு முன்பக்கம் ஆறு பட்டை. கிரீஸும் அழுக்கும் கலந்த மசியைச் சுரண்டிவிட்டு எண்ணினேன். ஏழு இருந்தது. அந்தப் பக்கம் போய் எண்ணினேன். அங்கேயும் ஏழு.

எங்கள் டெப்போவில் ஒரு வழக்கம் உண்டு. ஃபிட்டர் எந்த நட்டை இறுக்கினாலும் அதன் தலையில் தன் நிறத்தில் ஒரு பொட்டு பெயின்ட் வைக்க வேண்டும். பின்னால் கழன்றால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்கு. என் நிறம் மஞ்சள். மசிக்கு அடியில் நட்டின் தலையில் மஞ்சள் இருந்தது.

எல்லாம் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் அது பொய். அது என்றைக்கும் மறந்ததே இல்லை. ஆள் நிறைந்தால் முன்பக்கம் அமுங்குகிறது, திருப்பத்தில் டயர் உரசுகிறது என்று அண்ணன் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். முறைப்படி எழுதிக் கொடுத்தால் வேலைச் சீட்டு வருவதற்குள் வண்டி கிழடாகிவிடும். நம் அண்ணன்தானே ஓட்டுகிறார் என்று ஒரு சாயங்காலம் சீட்டு இல்லாமலே பக்கத்துக்கு ஒரு புதுப் பட்டை சொருகிவிட்டேன். அவரிடம்கூடச் சொல்லவில்லை. காலையில் எடுத்து ஓட்டும்போது தானாகத் தெரிந்து சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன். அந்தக் காலைதான் பாலத்தில் இடித்தது. மண்டை உடைந்து கிடக்கிற வண்டிக்கு யார் காலைப் பார்ப்பார்கள்? ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

இப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கூடுதல் பட்டை இரண்டையும் அவற்றின் போல்ட், நட்டோடு உருவி, சாக்கில் சுற்றி, கொட்டகைக்குப் பின்னால் பழைய தகரங்களுக்கு அடியில் தள்ளினேன். மிச்சம் ஆறு ஆறையும் பட்டறையில் கொடுத்துப் பழைய வளைவுக்குப் பதம் ஏற்றி மாட்டினேன். அண்ணன் கேட்டபோது, ஸ்பிரிங்கில் ஒன்றும் விசேஷம் இல்லை என்றேன். பயம்தான், வேறென்ன சொல்ல? அறுபத்து மூன்று வயதில் அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயம். அதற்குப் பிறகு ஒரு வருடம் ஒவ்வொரு நாளும் அவரோடு உட்கார்ந்து டீ குடித்தேன். ஒரு டீயும் ருசிக்கவில்லை.

அளக்கிற நாள் வந்தது. டயர் காற்று, பாதி டேங்க் டீசல், காலி வண்டி, எல்லாம் கிட்டத்தட்ட அந்தக் காலையில் இருந்தபடியே. முன்கூரையின் குறுக்கே நேரான பலகையை வைத்து, நீர்மட்டம் பார்த்து, பலகையின் முனையிலிருந்து தரை வரை டேப்பை இறக்கினோம். அவசரம் மேலே நின்று பிடித்துக்கொண்டான். அண்ணன் கீழே மண்டியிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் ஒருமுறை படித்தார். பதினான்கு அடி மூன்று அங்குலம். தகட்டில் இருந்த அதே அளவு.

மண்டியிட்டபடியே கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "அப்போ நான்தான்" என்றார்.

அண்ணி தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வந்து, யாருக்கும் வருவதுதான், இத்தனை வருடத்தில் நான் என்றைக்காவது குற்றம் சொன்னேனா என்று தோளைத் தொட்டார். அண்ணன் தலையை ஆட்டினார். அழவில்லை, கோபப்படவில்லை. தீர்ப்பு இப்படித்தான் வரும் என்று தெரிந்தே வந்தவர் மாதிரி இருந்தார். கையை ஊன்றி எழுந்து என் பக்கம் வந்தார்.

"உன்னையும் ரெண்டு வருஷம் படுத்தி எடுத்துட்டேன்டா. முட்டி வலியோட நீ வந்ததெல்லாம் எனக்குத் தெரியும். போதும். இத யாருக்காவது குடுத்துடலாம்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார் பாருங்கள், அது தாங்கவில்லை.

"அண்ணா, இப்ப அளந்தது அன்னைக்கு இருந்த உயரம் இல்ல" என்றேன். "முன்பக்கம் ஒரு பட்டை கூடுதலா போட்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம். சீட்டு இல்லாம, உங்ககிட்டயும் சொல்லாம."

அவர் கேட்டது டிரைவர் கேட்கிற கேள்விதான். எவ்வளவு தூக்கும்? புதுப் பட்டை, காலி வண்டி, முன்பக்கம் நாலு அங்குலம்கூடத் தூக்கும் என்றேன். அந்தப் பட்டைகள் எங்கே என்றார். போய் எடுத்து வந்தேன். சாக்கைப் பிரித்து, போல்ட்டில் மாட்டியிருந்த நட்டின் தலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மாட்டு" என்றார்.

நானும் அவசரமும் மாட்டினோம். அன்றைக்கு அவசரம்கூட வாயைத் திறக்காமல் வேகமாக வேலை செய்தான். பஸ்ஸை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, கழற்றி, சொருகி, இறுக்கி முடிக்க மூன்று மணி ஆயிற்று. அதுவரை அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது, என்ன செய்வது?

மறுபடியும் பலகை, மறுபடியும் டேப். பதினான்கு அடி ஆறரை அங்குலம். அத்தனை வருடம் பாரம் தாங்கித் தளர்ந்த பட்டையே இவ்வளவு தூக்கினால், புதிதாக இருந்தபோது எவ்வளவு தூக்கியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலத்தின் நட்ட நடுவில் வந்தாலும் இடித்தே தீரும்.

அண்ணிதான் கேட்டார். "தம்பி, விசாரணை நடந்தப்பவே இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு சொல்ல முடியாது அண்ணி. தோணுச்சு. ஒரு பட்டை பெருசா என்ன தூக்கிடப்போகுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

இதையும் சொன்னேன். அண்ணன் ஒருநாள் வந்து, கண் அசந்திருக்குமோ என்று தன்னையே சந்தேகப்பட்டபோது, எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்று. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஆரம்பித்த பிறகு பாதியில் நிறுத்த எனக்குத் தெம்பு இல்லை.

அண்ணி என்னைத் திட்டவில்லை. தைத்த உறைகளின் மேல் போய் உட்கார்ந்து, "நானும் இவர நம்பலையே" என்றார். தனக்குத்தானே சொல்வது போல இன்னொரு முறையும் சொன்னார்.

அண்ணன் டயர், கண்ணாடி அளவுகளைக் குறித்துவைக்கிற நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு என் முன்னால் வைத்தார்.

"அன்னைக்கு விசாரணைல நீ சொல்லியிருக்க வேண்டியத எழுது."

யாருக்கு என்று எழுதுவது? டெப்போவை மூடி பத்து வருடம் ஆகிறது. விசாரித்த அதிகாரி செத்துப்போய்விட்டார். டெப்போ மேலாளர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. யாருக்குன்னு போடட்டும் என்று கேட்டேன்.

"எனக்குப் போடு."

எங்களுக்கெல்லாம் அறிக்கை எழுத ஒரே ஒரு பாணிதான் தெரியும். பெறுநர் என்று போட்டு அண்ணன் பெயரையும் அவருடைய பழைய டிரைவர் எண்ணையும் எழுதினேன். 'ஐயா' என்று ஆரம்பித்தேன். கூடப் பிறந்தவருக்கு ஐயா. மேற்படி வண்டியின் முன்பக்க ஸ்பிரிங்கில் வேலைச் சீட்டு இல்லாமல் பட்டை சேர்த்தது நான் என்றும், அதனால் வண்டி உயர்ந்தது என்றும், இது மேற்படி டிரைவருக்குத் தெரியாது என்றும், அவர் நடுவில்தான் வந்தார் என்றும் எழுதினேன். மொத்தம் ஏழு வரி. கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டுக் கொடுத்தேன்.

அண்ணன் அதை நின்றபடியே படித்தார். படித்து முடித்துத் தாளைத் திரும்ப என்னிடமே நீட்டினார்.

"இன்னைக்குத் தேதி வேண்டாம். இடிச்ச அன்னைக்குத் தேதியப் போடு."

பேனாவை வாங்கிக்கொண்டேன். மழைக்காலம் என்று தெரிந்தது. மாதமும் ஏறக்குறைய தெரிந்தது. தேதி வரவில்லை. எவ்வளவோ யோசித்தேன், எனக்கு அந்தத் தேதி நினைவில்லை. பேனா தாளுக்கு மேலே நிற்பதை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். நாள், மாதம், வருடம், கிழமை. சொல்லி முடித்ததும் அண்ணன், "காலைல அஞ்சு நாப்பது" என்றார்.

இன்றைய தேதியை அடித்துவிட்டு, பக்கத்தில் அதை எழுதினேன்.