பாக்கெட் இல்லாத சட்டை

கத்தரியைக் கீழே வைத்த பிறகுதான் கவனித்தேன், இரண்டு சட்டைக்கு வெட்டியிருந்தேன். தைக்க வேண்டியது ஒன்றுதான், ஜெயிலில் இருக்கிற என் வீட்டுக்காரருக்கு. எங்கள் தையல்கடையில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். அவர் தனக்குச் சட்டை வெட்டும்போது துணியை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுத் தம்பிக்கும் சேர்த்து வெட்டிவிடுவார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு. அப்படியே என் கைக்கும் பழகிவிட்டது, பாழாய்ப்போன கை. வெட்டிய துணியைக் குப்பையில் போட மனசு வருமா? திட்டிக்கொண்டே இரண்டையும் தைத்தேன்.

யாரைத் திட்டினேன் என்று சொல்லவேண்டியதில்லை. குடித்துவிட்டு வண்டியை ஓட்டியவன் என் கொழுந்தன். அடிபட்ட மனுஷன் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்டேஷனில் போய் “நான்தான் ஓட்டினேன்” என்று நின்றவர் என் வீட்டுக்காரர். “அவனுக்கு இப்பதான் பொண்ணு அமைஞ்சிருக்கு. நீ சமாளிச்சுக்குவே” என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். சொன்னார், கேட்கவில்லை.

வக்கீலின் குமாஸ்தா வந்து விவரம் சொல்லிவிட்டுப் போனார். கேஸ் முடியும்வரை சொந்தத் துணி போட்டுக்கொள்ளலாம். ஆனால் இரும்புக் கொக்கி கூடாது, நாடா கூடாது, பாக்கெட் கூடாது. அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அவர் சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் துணியில் கோடு போடுகிற ஒரு துண்டுச் சாக்கட்டி கிடக்கும். எத்தனை துவைத்தாலும் அந்த இடம் வெளுப்பாகவே இருக்கும். குமாஸ்தா கிளம்பும்போது, “உங்க வீட்டுக்காரர் ஒண்ணே ஒண்ணுதான்மா கேட்டாரு. தம்பிய கூட்டிட்டு வரச் சொன்னாரு. அவனக் கண்ணால பாத்தா போதுமாம்” என்றார். என்னைப் பார்த்தால் போதும் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை பாருங்கள். இருந்தாலும் கொழுந்தனிடம் சொன்னேன். “வராம இருப்பேனா அண்ணி?” என்று கண் கலங்கினான். நானும் நம்பினேன்.

கிளம்பவேண்டிய காலையில் அவன் குளித்து, சென்ட் அடித்துக்கொண்டு வந்தான். கம்பியில் இரண்டு சட்டையும் தொங்கின. “அட, எனக்கும் தச்சிட்டீங்களா!” என்று ஒன்றை எடுத்து மாட்டினான். தொப்பைக்கு மேல் பொத்தானைக் கஷ்டப்பட்டுப் பூட்டினான். அண்ணன் உள்ளே போனதிலிருந்து தம்பி ஒரு சுற்றுப் பெருத்திருந்தான். ‘தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்’ என்பாள் என் மாமியார். ஆடியதோ இல்லையோ, சதை நன்றாகவே போட்டிருந்தது. அவன் நெஞ்சைத் தடவிப் பார்த்தான்.

“பாக்கெட் வைக்கலயே அண்ணி?”

“ஜெயில் சட்டைக்குப் பாக்கெட் கிடையாது தம்பி.”

சூடு பட்டவன்போல் அவசரமாகக் கழற்றினான். ஒரு பொத்தான் தெறித்து மெஷினுக்கு அடியில் ஓடியது. சட்டையை மேஜைமேல் போட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“நான் வரல அண்ணி. பொண்ணு வீட்டுக்காரங்க இன்னைக்கு வர்றாங்க. அங்க போறத யாராவது பாத்துட்டா... எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடுங்க.”

மாமியாரைப் பார்த்தேன். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. “போனவன்தான் போயிட்டான், இவனாவது நல்லா இருக்கட்டுமே. பெரியவன் மனசு நோகாம பேசிட்டு வாம்மா” என்றாள்.

யார் மனசு நோகவேண்டும் என்று இந்த வீட்டில் முன்பே முடிவாகிவிட்டது. இரண்டு சட்டையையும் மடித்துப் பையில் வைத்தேன். தெறித்த பொத்தானைத் தேடவில்லை.

பஸ்ஸில் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். தம்பிக்குக் காய்ச்சல். லேசான காய்ச்சல்தான். அடுத்த தடவை வருவான். சொன்னால் அவர் நம்புவார். நம்பினால் அந்தச் சுவருக்குள் நிம்மதியாகத் தூங்குவார். உண்மை தெரிந்தால்? யாருக்காக உள்ளே உட்கார்ந்திருக்கிறோம் என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பார். ஒருவேளை, வெளியே ஒருத்தி இருக்கிறாளே என்றும் அப்போதுதான் தோன்றும். இந்த ஆசை வந்ததற்காக என்னையே காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனால் ஆசை போகவில்லை.

வாசலில் ஒரு காவலர் பையைக் கவிழ்த்துச் சோதித்தார். மடிப்பு மடிப்பாகத் தடவினார். ஒரு சட்டையை மூக்கருகே கொண்டுபோய், “ஜெயிலுக்கு சென்ட் வேறயா?” என்று சிரித்தார். “ஒரு சட்டைதான்மா உள்ள போகும். எத குடுக்கறே?”

இரண்டும் மேஜைமேல் கிடந்தன. ஒன்று யாரும் போட்டுப் பார்க்காதது, அதைக் கொடுத்தால் காய்ச்சல் கதை நிற்கும். மற்றதில் பொத்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே கத்தரியில் வெட்டிய சட்டை யார் உடம்பில் இறுகித் தெறித்தது என்று என் வீட்டுக்காரருக்கு நான் சொல்லவேண்டாம். காய்ச்சல்காரன் எவனும் சென்ட் அடித்துக்கொள்ளவும் மாட்டான்.

“சீக்கிரம்மா, பின்னால ஆளுங்க நிக்கறாங்க.”

நான் அந்த நூல்மேல் விரலை வைத்தேன். இழுத்தால் வந்துவிடும் போல இருந்தது.