மூத்தவளுக்குத் துணி, இளையவனுக்கு டயப்பர்

பேச்சை ஆரம்பித்து வைத்தது மாப்பிள்ளைதான். ஐந்து மாதக் குழந்தையோடு மகளும் அவரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து இறங்கியபோது, பைகளுக்கு நடுவே ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தது. உள்ளே பன்னிரண்டு துணி டயப்பர்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். இடுப்பில் இரண்டு வரிசைப் பொத்தான், உள்ளே செருகிக்கொள்ளத் தனியாக ஒரு பட்டை.

"இனிமே கடை டயப்பர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம் மாமா. ஒரு நாளைக்கு எட்டு ஆகுது. குப்பைத்தொட்டியைத் திறக்கவே பயமா இருக்கு," என்றார் மாப்பிள்ளை.

"முடிவு பண்ணது இவர். துவைக்கப்போறது யாருன்னு இன்னும் முடிவாகல," என்றாள் மகள்.

மாமனார் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கழற்றிப் பார்த்தார்.

"வேலைப்பாடு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது துணி இல்ல மாப்பிள்ளை. துணி வேஷம் போட்ட டயப்பர்."

அவர் மனைவி குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு சிரித்தாள். "உனக்கெல்லாம் ரெண்டு பழைய படுக்கை விரிப்புதான்டி," என்றாள் மகளிடம். "கிழிச்சு, ஓரம் தைச்சு, இருபத்துநாலு சதுரம் பண்ணேன். புதுத்துணி ஆகாது, உறுத்தும். பத்து வருஷம் துவைச்சு நைஞ்சுபோன துணிதான் குழந்தை உடம்புக்குப் பஞ்சு மாதிரி இருக்கும்."

"முக்கோணமா மடிச்சு ஊக்கு குத்தணும்," என்று மாமனார் தொடர்ந்தார். "குத்தும்போது உன் விரலைக் குழந்தைக்கும் ஊக்குக்கும் நடுவுல வெச்சுக்கணும். குத்தினா நம்ம விரலோட போகட்டும்னு."

"அப்பாவா? அப்பாவா எனக்கு ஊக்கு குத்தினது?"

"குத்தினதும் அவர்தான், துவைச்சதும் அவர்தான்," என்றாள் மனைவி. "ரெண்டாம் மாசமே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. எனக்கு மத்தியானத்துலேர்ந்து ராத்திரி வரைக்கும். இவருக்குக் காலையிலேர்ந்து மத்தியானம். இவர் உள்ள வருவார், நான் வெளிய போவேன். உன்னை வாசல்லயே கை மாத்திக்குவோம். சாயங்காலம் முழுக்க ரெண்டு பக்கெட்டோட இவர் மல்லுக்கட்டுவார்."

அந்த நாட்களில் குடியிருப்பில் அவருக்கு 'வெள்ளைக்கொடி' என்று பெயர். மொட்டைமாடியில் இருபத்துநாலு வெள்ளைத் துணிகளை வரிசையாகக் காயப்போடுவார். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் பெண்டாட்டியிடம் சரணடைந்துவிட்டான், அதுதான் கொடி பறக்கிறது என்று எதிர்வீட்டுக்காரர் ஆரம்பித்த கேலி வேலை பார்க்கும் இடம் வரைக்கும் போய்விட்டது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இப்போது மாப்பிள்ளையிடம் அதைச் சொல்லும்போதுகூடக் குரலில் கொஞ்சம் பெருமைதான் தெரிந்தது.

"அப்ப தம்பிக்கு மட்டும் ஏன் டயப்பர்?" என்று கேட்டாள் மகள்.

"அது ஒன்பது வருஷம் கழிச்சு. அப்பதான் மருந்துக்கடைக்கு வந்திருந்துச்சு. தலையணை மாதிரி இருக்கும். ஒரு தடவை பிரிச்சா அந்த டேப் மறுபடி ஒட்டாது. இவர் கரன்ட் வேலைக்கு வெச்சிருந்த கறுப்பு டேப்பைச் சுத்தி ஒட்டுவார். உன் தம்பியைப் பார்த்தா ரிப்பேருக்கு வந்த சாமான் மாதிரி இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி குழந்தையின் காலைத் தடவியபடியே சொன்னாள்: "எனக்கு ஒரு ஆச்சரியம்டி. இவர் சிக்கனக்காரர், டயப்பருக்கு ஒத்துக்கவே மாட்டார்னு நினைச்சு, என்னென்ன பேசணும்னு ஒரு வாரம் ஒத்திகை பார்த்து வெச்சிருந்தேன். கேட்ட உடனே 'வாங்கிக்கோ'ன்னுட்டார். மறு பேச்சே இல்ல."

அவர் டயப்பரின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பொண்ணுன்னா உயிரு இவருக்கு," என்று அவள் தொடர்ந்தாள். இந்தக் கதையை அவள் வருடத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவாள். "நீ நாலு மாசக் குழந்தை. லேசா மூக்கு ஒழுகுது, அவ்வளவுதான். வேலையை விட்டு ஒரு நாள் நகராத மனுஷன், மூணு நாள் லீவு போட்டுட்டு உன்னைத் தோள்லயே வெச்சிருந்தார். எக்ஸ்சேஞ்சுல எல்லாருக்கும் என் மேல பொறாமை."

மாப்பிள்ளை மெச்சித் தலையாட்டிவிட்டு, தன் கவலைக்கு வந்தார். "அதெல்லாம் சரி மாமா. மழைக்காலத்துல எப்படிக் காய வெச்சீங்க? எங்க வீட்ல பால்கனி கூட இல்ல."

"மழையா? அந்த வருஷம் பதினோரு நாள் விடாத மழை. வீட்டுக்குள்ள கயிறு கட்டினோம், சுவரெல்லாம் பூத்துப்போச்சு. இஸ்திரி போட்டுப் பார்த்தோம், வேலைக்காகல. அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. மிஷின் ரூம்! பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டிடம், உச்சியில லிஃப்ட் மோட்டார் ஓடுற ரூம். அடுப்பு மாதிரி சூடா இருக்கும். காலையில ஈரத்துணியை டூல்ஸ் பையில போட்டுக்கிட்டுப் போவேன், மத்தியானம் அப்பளம் மாதிரிக் காய்ஞ்சிருக்கும்..."

சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வாயை விட்டுப் போனது போனதுதான்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "சூடு போட்டுக் காய வைக்கிற லாண்டரி ஒண்ணு ஆபீஸ் பக்கத்துல இருக்குன்னீங்களே?"

"அது... அதுவும் இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"இல்ல."

முப்பது வருடம் டெலிபோனில் குரலை மட்டும் கேட்டே ஆளை எடைபோட்ட காது அவளுடையது. குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு நேராக உட்கார்ந்தாள். "அந்த ரூம்ல குடையைக்கூட வைக்கக்கூடாதுன்னு சொல்வீங்களே நீங்க. துணி காயப்போட விட்டாங்களா?"

"விடல," என்றார் அவர். இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும், வேலை அறிக்கை வாசிப்பதுபோல வரிசையாகச் சொன்னார். நாலு நாள் ஒரு குறையும் இல்லை. அவரோடு ஜோடியாக வேலை பார்த்த, எல்லோரும் 'மீசை' என்று கூப்பிடும் நண்பன் மட்டும் இரண்டாவது நாளே "எடுத்துடுடா, இது விளையாட்டில்ல" என்று எச்சரித்திருந்தான். ஐந்தாவது நாள் பாதுகாப்பு அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். கதவைத் திறந்தால் சுவருக்குச் சுவர் கயிறு, கயிறு நிறையத் துணி. அதில் ஒன்று காற்றில் கழன்று தரையில் கிடந்தது. லிஃப்ட் கம்பி சுற்றும் சக்கரத்துக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்.

"உள்ள போயிருந்தா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"பிரேக்ல மாட்டியிருக்கலாம். அந்த நேரம் லிஃப்ட்ல ஒன்பது பேர் இருந்தாங்க. அதிகாரி என்னைத் திட்டவே இல்ல. மீசையை விட்டு லிஃப்டை நிறுத்தி மெதுவா இறக்கச் சொல்லிட்டு, என்னைக் கீழ கூட்டிக்கிட்டுப் போய், கதவு திறந்து அந்த ஒன்பது பேரும் வெளிய வர்றதைப் பார்க்கச் சொன்னார். அதுல ஒரு பொம்பள வயித்துப்பிள்ளைக்காரி." அவர் கையிலிருந்த டயப்பரைப் பெட்டியில் வைத்தார். "மூணு நாள் சஸ்பெண்ட் பண்ணாங்க."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கு ஒழுகின மூணு நாளா அது?" என்றாள் மனைவி.

"ஆமா."

"முப்பத்துமூணு வருஷமா ஊர் பூரா தம்பட்டம் அடிச்சிருக்கேனே, நீங்களும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்களே!"

அவர் தலை குனிந்துகொண்டார். இதோடு விட்டால் தேவலை என்று இருந்தது. ஆனால் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது நெற்றிச் சுருக்கத்திலேயே தெரிந்தது. எது வரக்கூடாது என்று இத்தனை வருடம் பயந்தாரோ, அதுவே வந்தது.

"அடுத்த மாசம்தானே ஃபோர்மேன் போஸ்ட் வந்தது? உங்களுக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. மீசைக்குப் போச்சு."

"சஸ்பெண்ட் ஆனவனுக்குத் தரமாட்டாங்க. அடுத்து அவன்தான் சீனியர்."

"அவர் மேலிடத்துக்குக் காக்கா பிடிச்சு வாங்கிட்டார்னு நான் சொன்னப்ப?"

"நான் அப்படிச் சொல்லல."

"இல்லைன்னும் சொல்லல!"

மீசையின் மனைவியும் இவளும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாக இருந்தவர்கள். பிரசவமானபோது பார்க்க ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவள் அவள்தான். குழந்தைக்குத் துணி மேல் போடும் பிளாஸ்டிக் ஜட்டி நாலு கொடுத்தவளும் அவள்தான். ஃபோர்மேன் விஷயத்துக்குப் பிறகு இவள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வீடு தேடி வந்தபோது, உள்ளே இருந்துகொண்டே தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"மீசை ஏன் வாயைத் திறக்கல?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். அவன் பெண்டாட்டிகிட்ட கூட."

"வேலை போயிருந்தாலும் நான் பொறுத்துக்கிட்டிருப்பேனே. ஏங்க சொல்லல?"

"வேலைக்காக இல்லம்மா," என்றார் அவர் மெதுவாக. "நம்ம குழந்தைத் துணி காயணும்னு ஒன்பது பேரோட உயிரைப் பத்தி யோசிக்கலையே நான். அதை உன்கிட்ட எந்த வாயால சொல்றது? அப்புறம் ஒரு மாசம் போச்சு, ஒரு வருஷம் போச்சு. சொல்றதுக்கு வழியே அடைஞ்சுபோச்சு."

அவள் எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளை, தான் மழையைப் பற்றிக் கேட்டிருக்கவே கூடாது என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நல்லவேளையாகக் குழந்தை நனைத்துக்கொண்டு அழுதது. மாமனார் போய் எடுத்தார். புது டயப்பரில் எந்தப் பொத்தானை எதில் போடுவதென்று தெரியாமல் இரண்டு தடவை தப்பாகப் போட்டு, மூன்றாவது தடவை மகள் கையைப் பிடித்துக் காட்டிய பிறகு சரியாகப் போட்டார்.

வெயில் தாழும் நேரத்துக்குக் கதவு திறந்தது. அவள் முகம் கழுவியிருந்தாள். "மீசை நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"போடுங்க. அவர் பெண்டாட்டியைக் கூப்பிடச் சொல்லி, நடந்ததை நீங்க சொல்லுங்க. ஒண்ணு விடாம. அப்புறம் போனை என்கிட்ட குடுங்க."

மீசை விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தான். "முப்பத்துமூணு வருஷம் கழிச்சா உனக்கு வாய் திறந்துச்சு? இரு, கூப்பிடுறேன். அவகிட்ட நீயே பட்டுக்கோ." அவன் மனைவி லைனில் வந்தாள். அவர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பேசி முடித்ததும், "உங்க வீட்டம்மாகிட்ட குடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

மனைவி போனை வாங்கினாள். எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு மறுமுனையின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "நான் என்ன தப்பு பண்ணேன்னு எத்தனை நாள் யோசிச்சேன் தெரியுமா? உனக்குப் பழைய பிளாஸ்டிக் ஜட்டி குடுத்தது மரியாதைக் குறைவாப் போச்சோன்னு கூட நினைச்சேன்."

"ஐயோ, இல்லடி. அது இல்லாட்டி நான் அன்னிக்கு வேலைக்கே போயிருக்க முடியாது. என்னை மன்னிச்சுடு. விசாரிக்காம முடிவு பண்ணது நான்தான்."

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி வந்தது. "ஆமா, பேரன். அஞ்சு மாசம்," என்றாள் மனைவி. "துணிதான் கட்டப்போறாங்களாம்... அதை ஏன் கேக்குற, இப்ப துணியில பொத்தானெல்லாம் வந்திருக்கு." அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். மாப்பிள்ளை அங்கே பக்கெட்டும் கையுமாக நின்றிருந்தார். "முதல்ல பச்சைத்தண்ணியில அலசணும்," என்று சொல்லி மாமனார் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். "வெந்நீர் ஊத்தினா கறை அப்படியே பிடிச்சுக்கும்." இரண்டு பேருமாகத் துவைத்தார்கள். பகலில் துணி, படுக்கும்போது மட்டும் கடை டயப்பர் என்று அந்த ஈரக்கையோடுதான் மாப்பிள்ளை முடிவு செய்தார். மகள் அதற்கு ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை, துவைப்பது மாப்பிள்ளைதான்.

அடுத்த சனிக்கிழமை மாலை கணவனும் மனைவியும் மீசை வீட்டுக்குப் போனார்கள். பெண்கள் இருவரும் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள், உள்ளே வரக் கால் மணி நேரம் ஆனது. மீசை இப்போது மீசையை எடுத்திருந்தான். பழைய கம்பெனிக் கதைகளைப் பேசினான். அவன் மனைவி இவர் முன்னால் காபியைக் கொண்டுவந்து வைத்தாள், சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அதற்குமேல் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போதும் இவளிடம்தான் "அடிக்கடி வா" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர், "அவங்களுக்கு என் மேல கோபம் இன்னும் போகல," என்றார்.

"எனக்கே போகல. அவளுக்கு அதுக்குள்ள போயிடுமா?" என்றாள் மனைவி, ஜன்னலோரம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டபடி.