சாமான் அறையில் ஏழு பேட்டரி

எங்கள் ஆசாரிமார் தெருவில் சாயங்காலம் ஏழு மணிக்கு மின்விசிறியின் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கிரைண்டர் பாதி மாவில் நின்றுவிடும். ஊரின் மின்கம்பி எங்கள் தெருவோடு முடிகிறது. முன்னால் இருக்கிற பெரிய வீட்டுத் தெருக்காரர்கள் ஏசியைப் போட்டு உறிஞ்சியது போக மிச்சம்தான் எங்களுக்கு. அதே வீடுகளின் மேல்தளத்தில் சோலார் பலகைகள் இருப்பதால் மத்தியானம் கரண்ட் கொட்டிக் கிடக்கும், அப்போது வேண்டுபவர் யாரும் இல்லை. வேண்டும்போது சூரியன் இல்லை.

என் பெயர் ராஜப்ரியா. நாச்சியாபுரத்தில் வயரிங் வேலை செய்கிறேன். பேட்டரி விற்கிற மதுரைக் கடைக்காரர் ஒருவர் மூலம் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. பெரிய வீட்டுத் தெருவில் ஏழு வீடுகளில் குட்டி பீரோ அளவுக்கு வீட்டுப் பேட்டரி இருக்கிறது. மத்தியான வெயிலை அதில் சேர்த்துவைத்து, ஏழிலிருந்து ஒன்பது மணி வரை தெருக் கம்பிக்குத் திருப்பி விட்டால் எங்கள் கிரைண்டர் நிற்காது. மின்சார ஆபீஸ் உதவிப் பொறியாளர் காசிவிஸ்வநாதனிடம் போய்ச் சொன்னேன்.

"நல்ல யோசனைதாம்மா. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு உங்க தெருவுல வந்து அளந்து பாக்குறேன். இருநூத்தி இருபது வோல்ட் காட்டுச்சுன்னா இதையே நிரந்தரமாக்கிடலாம். இல்லைன்னா புது டிரான்ஸ்பார்மருக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்."

எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது. தெருவில் எல்லாரிடமும் வெள்ளிக்கிழமை மாவுக்கு ஊறப்போடச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை நாச்சியம்மை ஆச்சி வீட்டுக்குப் போனேன். பெரிய வீட்டுத் தெருவில் அவர்கள் வீட்டில் ஒன்று நடந்தால்தான் மற்ற வீடுகளிலும் நடக்கும். பேட்டரி எங்கே என்று கேட்டதும் ஆச்சி பெருமையாகச் சாமான் அறையைத் திறந்து காட்டினார்கள். வெண்கலப் பானைகள், எனாமல் அடுக்குகள், மூன்று மிக்ஸிகள், அவற்றுக்கு நடுவில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பேட்டரி. உச்சியில் குங்குமப் பொட்டு.

"மருமக சுபா கொண்டாந்த சீரு. எட்டு மாசமாச்சு, ஒரு கீறல் இருக்கா பாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரோ ஒரு வீட்டில் சீர்வரிசையில் பேட்டரி வைத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு பேட்டரி இல்லாமல் கல்யாணமே இல்லை என்று ஆகிவிட்டது. ஏழு வீட்டிலும் பரப்பிவைத்து ஊருக்குக் காட்டிவிட்டு, பூட்டிவிட்டார்கள்.

"ஆச்சி, இது வெண்கலப் பானை இல்லை. சும்மா வச்சிருந்தா செத்துப்போகும். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே கிடந்தா வெறும் பெட்டிதான். அப்பறம் சம்பந்தி வீட்டுல வந்து பாத்தா என்ன சொல்வீக?"

ஆச்சியின் முகம் மாறியது. ஆனாலும் முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார்கள். "அவ சாமான். அவ சொல்லாம என் கை அதுல படாது. நான் போயிக் கேக்கவும் மாட்டேன்."

காரணம் ஊருக்கே தெரியும். ஒன்றரை மாதம் முன்பு சுபா தன் சீர்ச் சாமானிலிருந்து ஒரு பித்தளைக் குண்டானை எடுத்து அதில் நூடுல்ஸ் வேகவைத்துவிட்டாள். சீர்ப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதா என்று ஆச்சி கத்த, என் பாத்திரத்தை நான் தொடக்கூடாதென்றால் இனி என் சாமானை யாரும் தொடக்கூடாது என்று அவளும் கத்த, அன்றோடு பேச்சு நின்றது. மாமியார் கீழே, மருமகள் மாடியில் மடிக்கணினியோடு.

நான் பொய் சொல்லத் தயங்குகிற ஆள் இல்லை. வயரிங்கில் மட்டும் பொய் சொல்ல மாட்டேன். மாடிக்கு ஏறினேன்.

"சின்ன ஆச்சி, பேட்டரியை மாட்ட உங்ககிட்ட அனுமதி கேட்டு வரச் சொன்னாக."

சுபா காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். "யாரு, எங்க அத்தையா? அனுமதியா?"

"குண்டான் விஷயத்துல நான்தான் அவசரப்பட்டுட்டேன்னும் சொன்னாக."

அவள் மடிக்கணினியை மூடினாள். கண் லேசாகக் கலங்கியது. எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் தண்ணீரில் இறங்கிய ஆளுக்கு நனையாமல் முடியுமா?

"பேட்டரியை எடுத்துக்கச் சொல்லுங்க. ஆனா அந்தக் குண்டானும் வெளிய வரணும். வந்தாத்தான் நம்புவேன்."

கீழே வந்தேன். "ஆச்சி, சின்ன ஆச்சி சரின்னுட்டாக. ஆனா ஒரு கண்டிசன். உங்க கையாலதான் எடுத்துக் குடுக்கணுமாம், இந்த வீட்டுச் சாமானை அத்தை மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாகன்னாக. கையோட அந்தக் குண்டானையும் எடுத்து வச்சிருங்கன்னாக."

"அவளா சொன்னா?"

"பின்னே நானா சொல்லுவேன்?"

ஆச்சி சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குண்டானை முந்தானையால் துடைத்து அடுப்படி மேடையில் நடுவாக வைத்தார்கள். மத்தியானத்துக்குள் பேட்டரியைச் சுவரில் ஏற்றிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஆச்சி வீட்டுக்கு எதிர்வீட்டு மெய்யநாதன் அண்ணாச்சி தாமாகவே வந்து நின்றார். "நாச்சியம்மை வீட்டுல மாட்டியாச்சாமே? எங்க வீட்டுப் பேட்டரிக்கு என்ன கேடு?" அதற்குப் பிறகு எனக்குச் சாப்பிட நேரமில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஏழாவது வீட்டில் கடைசித் திருகாணியை முறுக்கினேன்.

ஏழு மணிக்குக் காசிவிஸ்வநாதன் எங்கள் வீட்டு அடுப்படியில் மீட்டரோடு நின்றார். பின்னால் பாதித் தெரு நின்றது. வழக்கமாக நூற்று எழுபது காட்டுகிற நேரம். முள் நகர்ந்தது, இருநூறைத் தாண்டியது, இருநூற்று இருபத்தி நான்கில் நின்றது. அம்மா கிரைண்டரைப் போட்டாள். அது ஓடியது. எதிர்வீட்டிலும் ஓடியது. தெரு முழுக்க மாவு ஆட்டுகிற சத்தம். நான் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

அப்போதுதான் போன் அடித்தது. ஆச்சி.

"ஏத்தா, நான் இவகிட்ட அனுமதி கேட்டேன்னு சொன்னியாமே?"

அவர்களுக்குப் பக்கத்திலிருந்து சுபாவின் குரல். "நான் எப்ப அக்கா, அத்தை கையாலதான் எடுக்கணும்னேன்? அத்தை மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாகன்னு நான் சொன்னேனா?"

"கேட்டியா? நல்லாக் கேளு சுபா, விடாத!"

மாற்றி மாற்றி இருவரும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். ஒருத்தர் மூச்சு விடும்போது இன்னொருத்தர் தொடர்ந்தார். நடுநடுவே எதுவோ கொதிக்கிற சத்தம் கேட்டது. குண்டானாகத்தான் இருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கிற முதல் பேச்சை நான் எதற்குக் கெடுக்க?

கடைசியில் சுபாவை அடுப்பைப் பார்க்க அனுப்பிவிட்டு, ஆச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"அவசரப்பட்டுட்டேன்னு நான் சொன்னதா வேற சொல்லியிருக்க."

"மன்னிச்சிருங்க ஆச்சி. நீங்க சொல்லலைதான்."

"சொல்லலை. நினைச்சேன். அது உனக்கு எப்படித் தெரிஞ்சது?"